அண்ணா, நீ போர்டில் எழுதாமல் விட்ட செய்தி

என்னோடு சண்டை போடுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்து வந்த என் அண்ணாவுக்கு,

காமுதான் எழுதுகிறேன். நேற்று உன் முதல் வருஷத் திதி முடிந்தது. வடை, பாயசம், நீ கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் கத்திரிக்காய்க் காரக்குழம்பு எல்லாம் வைத்துப் படைத்தோம். காக்காய் முதல் தடவை கூப்பிட்டதுமே வந்துவிட்டது. "உங்க அண்ணனுக்கு அங்க சோறு சரியில்ல போல கீது" என்று என் வீட்டுக்காரர் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். படிப்பகத்துப் போர்டில் நேற்று உன்னைப் பற்றி எழுதினேன். உன் நல்லதையும் எழுதினேன், நீ செய்த ஒரு தப்பையும் எழுதினேன். தெருவே நின்று படித்தது. உயிரோடு இருந்தால் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கியிருப்பாய். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. தெரு பார்க்க எழுதியதால், இந்தக் கடிதத்தையும் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் அண்ணன் ஏகாம்பரம் ஆரணியில் பட்டு நெய்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கட்சியைக் கட்டிக்கொண்டார். தறியில் உட்காருவதற்கு முன்னால் தெருக்கோடியில் இருக்கும் கட்சிப் படிப்பகத்துக்குப் போவார். பேப்பரைப் படித்து, வெளிச்சுவரில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய செய்திகளைச் சாக்பீஸால் எழுதுவார். பேப்பர் வாங்காத வீடுகளுக்கு அந்தப் போர்டுதான் பேப்பர். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காகவே நின்று படிக்கிறவர்கள் உண்டு.

ஆனால் அண்ணா, உன் போர்டு ஒரு பக்கமாகத்தான் இருக்கும். உன் கட்சி மாநாடு என்றால் பலகை முழுக்கப் பெரிய எழுத்து. எதிர்க்கட்சி மாநாடு என்றால் கீழே மூலையில், தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அப்படி எழுதிவிட்டு, சாயங்காலம் நம் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ போடும் கூச்சல் இருக்கிறதே, அது தெருவுக்கே கேட்கும்.

"பாரு காமு, இன்னா அநியாயம் பாரு. நம்ம கூட்டத்துல அவ்ளோ ஜனம் உக்காந்துகினு கீது. இவன் பின்னாடி கீற காலி சேரையே காட்டிகினு கீறான். எல்லாம் விலை போயிட்டானுங்க."

"நீ நேத்து அவங்க மாநாட்ட எங்க எழுதின? தங்கம் விலை பக்கத்துலதான?"

"அது வேற, இது வேற."

இந்த "அது வேற, இது வேற" உன் வாயிலிருந்து எத்தனை தடவை வந்திருக்கும்? பதில் சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் நீ அதைத்தான் சொல்வாய். எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை, அண்ணா. ஏன் என்று சொல்கிறேன்.

நீ போன பிறகு போர்டு அப்படியே கிடந்தது. உன் எழுத்தை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. மழைச்சாரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. பேப்பர்காரர் வந்து, "அண்ணன் பேப்பர நிறுத்திடலாமாக்கா?" என்று கேட்டார். நிறுத்தாதே, எதிர்க்கட்சிப் பேப்பரையும் சேர்த்துப் போடு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உன்னோடு சண்டை போட முடியாமல் போனதால், அந்த இரண்டு பேப்பரையாவது சண்டை போடவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியதோ என்னவோ.

பத்து நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தலை சுற்றியது. ஒரே மந்திரி, ஒரே ஊர், ஒரே நாள். ஒன்றில் "மக்கள் உற்சாக வரவேற்பு". இன்னொன்றில் "பொதுமக்கள் முற்றுகை". இரண்டிலும் படம் வேறு போட்டிருக்கிறார்கள், இரண்டும் நிஜப் படம். எதை நம்புவது? ஒரு நாள் காலையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், போர்டின் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் "இந்தப் பேப்பர் சொல்வது", வலது பக்கம் "அந்தப் பேப்பர் சொல்வது". கீழே குறுக்காக இன்னொரு கோடு போட்டு, "நாம் பார்த்தது" என்று எழுதினேன். நாம் என்ன பார்த்தோம்? மூன்று நாளாகத் தெரு விளக்கு எரியவில்லை. சேத்துப்பட்டு பஸ் காலையில் நேரம் மாறிவிட்டது. அவ்வளவுதான். அதை எழுதினேன்.

உங்கள் கட்சியின் கிளைச் செயலாளர் ஓடி வந்தார். "அக்கா, இது நம்ம படிப்பகம். நம்ம பேப்பர்ல வர்றத மட்டும் எழுதுங்க" என்றார்.

"சுவரு உங்களுது. சாக்பீஸ் என்னுது" என்றேன். உன் தங்கச்சி என்பதால் அதோடு திரும்பிப் போய்விட்டார்.

என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோணல்மாணல். ஆனால் ஒரு மாசத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உன் காலத்தில் அந்தப் பக்கமே திரும்பாத டெய்லர், அதுதான், உன் எதிர்க்கட்சி டெய்லர், அவரே டீக்கிளாஸோடு வந்து நின்று படிக்கிறார். எல்லோரும் கீழே இருப்பதைத்தான் முதலில் படிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய்.

அப்புறம் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது.

கல்யாண சீசன் ஆரம்பிக்கும் நேரம். தெருக்கோடி போர்வெல் பம்பில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தது. சாதம் வடித்தால் சாதமும் ரோஸ். முதல் நாள் கேலி பேசிக்கொண்டோம். அடுத்த நாள் நாற்றம் வந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. நகராட்சியில் மனு கொடுத்தோம். மறுநாளே ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், அதோடு சரி. கடைசியில் தெருப் பெண்கள் எல்லோரும் மெயின் ரோட்டில் உட்காருவது என்று முடிவு செய்தோம்.

இங்கே நான் ஒரு கூத்து செய்தேன். சென்னைக் கடை ஒன்று, பார்டர் நிறம் சரியில்லை என்று ஒரு லாட் பட்டுப்பருத்திச் சேலையைத் திருப்பி அனுப்பியிருந்தது. வியாபாரி அதைத் தெருவுக்குள்ளேயே மலிவாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு ஒன்று எல்லோரிடமும் இருந்தது. "எல்லாரும் அதையே கட்டிகினு வாங்க. ஒத்துமையா தெரியும்" என்று யோசனை சொன்னது நான்தான். பெரிய அறிவாளி மாதிரி. அந்தச் சேலையின் உடலும் பார்டரும் ஒரு கட்சிக் கொடியின் நிறம் என்பது எங்கள் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. நெய்கிறவர்களுக்கு நிறம் என்றால் நூல்தானே, கொடியா ஞாபகம் வரும்? எந்த நிறம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதத்தையும் ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள்.

இரண்டு சேனல்காரர்கள் வந்தார்கள். மைக்கைப் பிடித்திருந்த ஒரு பெண், "எந்தக் கட்சிக்கா கூட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டாள். "தண்ணி கூட்டிகினு வந்துச்சும்மா" என்றாள் நம் அஞ்சலை. சந்தவாசல் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட அதே அஞ்சலைதான். இப்போது நம் வீட்டில் நூல் சுற்றுகிறாள். நானும் பேசினேன். "மனு குடுத்த மறுநாளே முனிசிபாலிட்டி ஆளு வந்தார், அதுக்கு நன்றி. ஆனா ரிசல்ட் எங்க?" என்றேன்.

சாயங்காலம் டிவியைப் போட்டோம். ஒரு சேனலில், "கட்சிக் கொடி நிறத்தில் சீருடை அணிந்து மறியல், பின்னணியில் யார்?" என்று ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு சேனலில், "அரசுக்கு எதிராகக் கொந்தளித்த பெண்கள்". அதில் என் முகம் வந்தது. "ரிசல்ட் எங்க?" என்று மட்டும் கத்துகிறேன். நன்றி சொன்னதைக் காணோம். தண்ணீரில் சாயம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு பேரை உட்கார வைத்து விவாதம் மட்டும் நடத்தினார்கள், எங்கள் சேலையைப் பற்றி.

எனக்கு வந்த கோபத்தில் தறியில் இழை இழையாக அறுந்தது. என் வாயை யாரோ பாதியில் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. நீ ஏன் அப்படிக் கத்துவாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, அண்ணா. மறுநாள் போர்டில் இடது பக்கம் அந்தச் சேனல், வலது பக்கம் இந்தச் சேனல், கீழே "இது கட்சிச் சேலை இல்லை, திரும்பி வந்த லாட்" என்று எழுதினேன். படித்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த மைக் பெண் வந்தாள். வேலையாக வரவில்லை, தானாகவே ஸ்கூட்டியில் வந்தாள். "நீங்க பேசினது முழுசும் நான் அனுப்பினேங்கா. மேல வெட்டிட்டாங்க" என்று சொல்லி, போனில் முழு வீடியோவையும் காட்டினாள். நன்றி சொன்னதும் அதில் இருந்தது. பாவம், அவளைத் திட்டி வைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். போர்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தண்ணி எங்கிருந்து வருதுன்னு நாங்களும் போய்ப் பாக்கல. நீங்களும் இன்னும் பாக்கலயே" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. மறுநாள் காலையில் நானும் அஞ்சலையும் போர் பம்பிலிருந்து கால்வாய் ஓரமாகவே நடந்தோம். ஒரு சாயப்பட்டறையின் பின்சுவரில் போய் நின்றோம். சுவரைத் துளைத்து ஒரு ஓஸ் பைப். அதிலிருந்து ரோஸ் தண்ணீர் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. பம்பு அங்கிருந்து கூப்பிடு தூரம். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அது தணிகாசலத்தின் பட்டறை. என் மகள் மலருடைய மாமனார். உன் கட்சிக் கூட்டாளி. உன்னைத் தூக்கிப் போனபோது முன் பக்கத்தில் தோள் கொடுத்தவர்.

அன்றைக்கு, "நாம் பார்த்தது" என்ற இடத்தில், "ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் பம்புக்கு அருகில் விடப்படுகிறது" என்று எழுதினேன். அஞ்சலை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பட்டறைக்கா?"

"தெரியாத மாதிரி கேக்கற."

"எனக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரியலயே. அந்த டிவிக்காரன் நீ பேசினத வெட்டிட்டான்னு அன்னிக்கு அந்தக் கத்து கத்தின. இப்ப நீ வெட்டறது இன்னாக்கா?"

"நீ அந்த வூட்ல பொண்ணு குடுத்திருந்தா இந்தக் கேள்வி கேப்பியா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் நூல் சுற்றப் போய்விட்டாள். நான் சாக்பீஸோடு நின்றேன். வெட்கமாக இருந்தது. "அது வேற, இது வேற" என்று என் வாயில் வரப் பார்த்தது. அந்த வார்த்தைக்கு இனிமேல் எனக்குச் சிரிப்பு வராது என்று சொன்னது இதனால்தான்.

மலருக்குப் போன் செய்தேன். எழுதட்டுமா, வேண்டாமா, உன் வாழ்க்கை அந்த வீட்டில் இருக்கிறது என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"எழுதும்மா. ஆனா மாமாவ கேக்காம எழுதாத. உன் பக்கத்த முழுசா போடலன்னுதான நீ அவ்ளோ கோவப்பட்ட?"

என் வயிற்றில் பிறந்தவளுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ. மறுநாள் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். "வாங்க சம்பந்தி" என்று வரவேற்றார். காபி வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"சம்பந்தியா வந்தீங்களா, பேப்பர்காரங்களா வந்தீங்களா?"

"சம்பந்தின்றதாலதாங்க வூட்டுக்குள்ள வந்து கேக்கறேன். உங்க பக்கத்து நியாயம் இன்னான்னு சொல்லுங்க. அதையும் சேத்துதான் எழுதப் போறேன்."

அவர் மறைக்கவில்லை. "கழிவுத் தொட்டி மோட்டார் போயிடுச்சு. கல்யாண ஆர்டர் கழுத்துல நிக்குது. நாலு நாள் வெளிய வுடலாம்னு வுட்டேன், இழுத்துகினு போயிடுச்சு. தப்புதான். அதுக்காக ஊர் நடுவுல பேரப் போடுவீங்களா?" என்றார். அப்புறம் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க அண்ணன் இருந்தா எழுதியிருக்க மாட்டார். மின்ன ஒரு தடவ இதே மாதிரி ஆச்சு. அவரே வந்து பார்த்தார். என் சட்டையப் புடிச்சார். மறுநாளே மோட்டார மாத்த வச்சார். ஆனா அது எலக்‌ஷன் டைமு. வெளிய தெரிஞ்சா கட்சிக்குக் கெட்ட பேருன்னு ஒரு வரி எழுதல."

காபியைக் கீழே வைத்தேன். அது எந்த வருஷம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நம் தெருவில் பிள்ளைகள் எல்லாம் வயிற்றுப்போக்கில் படுத்த வருஷம். பம்பில் கலங்கலாக வந்தது மழைத் தண்ணீர், அது உடம்புக்குச் சேரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மலரும் படுத்தாள், அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நீதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய்.

ஓடும்போது உனக்குத் தெரியுமா, அண்ணா? அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் போய்ப் பார்த்தாயா? அப்படித்தான் இருக்கும். அதனால்தான் சட்டையைப் பிடித்திருப்பாய். ஆனால் பார்த்த பிறகாவது, "அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா? டிவிக்காரன் காலி நாற்காலியைக் காட்டியதற்கு அத்தனை நாள் கத்தினாயே. உன்மேல் எனக்கு வந்த மாதிரி கோபம் அந்த இரண்டு சேனல் மேலும் வரவில்லை. அவர்கள் யாரோ. நீ என் அண்ணன்.

இரண்டு நாள் உன் படத்துக்குப் பூ வைக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் வைத்தார்.

மூன்றாவது நாள் போர்டில் பெயரை எழுதினேன். தணிகாசலம் சாயப்பட்டறை என்று எழுதி, பக்கத்திலேயே, மோட்டார் பழுது, தப்புதான் என்று அவர் சொன்னதையும் எழுதினேன். அதற்குக் கீழே, "முதல் நாள் பெயரை விட்டது என் தப்பு. கேட்டது அஞ்சலை" என்று போட்டேன். அவள் வந்து படித்துவிட்டு, "என் பேர எதுக்குக்கா போட்ட, பேஜார்" என்று முறைத்துக்கொண்டே மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

கிளைச் செயலாளர் போர்டை அழித்துவிட்டார். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தார். மூன்றாவது தடவை எழுதியபோது சும்மா விட்டுவிட்டார். டெய்லர் என்ன செய்தார் தெரியுமா? பெயர் இருக்கும் இடத்தை மட்டும் படம் எடுத்து, சம்பந்தி சொன்ன பதிலை வெட்டிவிட்டு, தன் கட்சி வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். நேராக அவர் கடைக்கே போனேன். "கத்திரி துணிக்கு வச்சிக்கோங்க. போட்டா முழுப் போர்டையும் போடுங்க, இல்லன்னா ஒண்ணும் போடாதீங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, முழுப் படத்தையும் போட்டார்.

ஒரு வாரத்தில் புது மோட்டார் வந்தது. ஓஸ் பைப்பை எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை நகராட்சி ஆள் பாட்டிலோடு வந்து, ரிசல்ட்டோடும் திரும்பி வந்தார். அதையும் எழுதினேன், நன்றி என்று சேர்த்து. அந்த மைக் பெண் போர்டைப் படம் பிடித்துப் போய், தண்ணீர் எப்படிக் கெட்டது, எப்படிச் சரியானது என்று முழுசாக ஒரு செய்தி செய்தாள். ரொம்பச் சின்னதுதான், விளம்பரத்துக்கு நடுவில் வந்தது. ஆனால் வெட்டாமல் போட்டார்கள். "மேல சண்ட போட்டேங்கா" என்று போனில் சொன்னாள். அந்த ஆபீசுக்குள்ளும் ஒருத்தி சண்டை போடுகிறாள் என்று தெரிந்ததே எனக்குப் போதும் என்று இருந்தது.

சம்பந்தி மட்டும் பேசவில்லை. திதிக்கு அழைக்கப் போனபோது, "பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான். மலர், "நான் வருவேன், அவங்கள பத்தித் தெரியலம்மா" என்றாள். உன் திதிக்கு உன் கூட்டாளி வராமல் போனால், அது என்னால்தானே?

நேற்றுக் காலை கிளைச் செயலாளர் வந்தார். "அக்கா, அண்ணன் நினைவு நாளு. நல்லதா நாலு வரி எழுதுங்க" என்று புதுச் சாக்பீஸ் டப்பாவே கொடுத்தார். போர்டைக் கழுவித் துடைத்துவிட்டு, ரொம்ப நேரம் நின்றேன். நல்லதாக நாலு வரி எழுதினால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. நீ நல்லவன்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் பிள்ளைகள் படுத்த வீடுகள் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன. அந்த அம்மாக்கள் தினமும் வந்து இந்தப் போர்டைப் படிக்கிறார்கள். உன் பெயருக்காக அதை விட்டால், அடுத்த தடவை எதற்காக விடுவேன்?

கடைசியில் எழுதினேன். இதுதான் எழுதியது:

"நம் தெருவுக்குத் தினமும் செய்தி சொன்ன ஏகாம்பரம் மறைந்து ஒரு வருஷம். கால் வீங்கிய நாளிலும் இந்தப் போர்டைச் சும்மா விட்டதில்லை. யார் வீட்டில் யார் படுத்தாலும் முதல் ஆளாக ஓடினார். ஒரு தடவை நம் தண்ணீரில் சாயம் கலந்தது அவருக்குத் தெரிந்தது. மறுநாளே சரிசெய்ய வைத்தார். ஆனால் நமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இப்படிக்கு, அவர் தங்கை."

கூட்டம் சேர்ந்தது. கிளைச் செயலாளர் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார், சுற்றிலும் நின்ற பெண்களைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். அந்த வருஷம் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் உங்க அண்ணன்தான் எங்க பையனுக்கும் ஆட்டோ புடிச்சார்" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்போதுதான் மலரோடு தணிகாசலம் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் உனக்கு மாலை. வழி விட்டார்கள். போர்டு முன்னால் நின்று மேலிருந்து கீழே வரை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"நான் சொன்னத வச்சி எழுதினீங்களா?"

"ஆமாங்க. தப்பா இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்."

"தப்பு இல்ல. ஒண்ணு வுட்டுட்டீங்க." மாலையை மலரிடம் கொடுத்தார். "அன்னிக்கு உங்ககிட்ட நான் முழுசா சொல்லல. அவர் எழுதத்தான் போனார். சாக்பீஸ் கையில எடுத்துட்டார். எழுதாதன்னு அவர் கையப் புடிச்சிக் கெஞ்சினது நான். கட்சி பேரச் சொல்லித் தடுத்ததும் நான்தான். அதையும் எழுதுங்க சம்பந்தி. அவர் மேல மட்டும் போட்டா நியாயம் இல்ல."

போர்டில் இடம் இல்லை, அண்ணா. ஓரத்துச் சட்டத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும், "ம், இப்ப சரி" என்றார். அப்புறம் வீட்டுக்கு வந்து உனக்கு மாலை போட்டார். இலையில் உட்கார்ந்து கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன் படத்துக்கு நானும் பூ வைத்தேன்.

நீ சாக்பீஸ் எடுத்தாய் என்பது எனக்குப் போதாது. எழுதியிருக்க வேண்டும். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எடுத்தாய் என்று தெரிந்ததில் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்தப் பக்கமும் சாய மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது பொய். சம்பந்தி என்றதும் சாய்ந்தவள்தானே நான். ஆனால் சாயும்போது பிடித்துச் சொல்ல அஞ்சலை இருக்கிறாள், மலர் இருக்கிறாள், தெருவில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் என் தப்பை மறுநாளே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், பெயர் போட்டு எழுதுவேன். உன் கட்சி ஜெயித்தாலும் எழுதுவேன், தோற்றாலும் எழுதுவேன். யாராவது என் கையைப் பிடித்துக் கெஞ்சினால், அவர் கெஞ்சினார் என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

உன் தப்பை ஊருக்குச் சொன்ன பிறகும், உன்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கச்சி,
காமு
ஆரணி